ஞானிக்கு ஏழு அடையாளம்

வந்திருந்தோர்:

திரு. இராஜநாயகம், ஓய்வுபெற்ற நில அளவையாளர், வெள்ளவத்தை.
திரு. தில்லையம்பலம், சபைக் காரியதரிசி.
திரு. நிக்கலஸ், துறைமுகத் தொழிலாளி.
சபை அங்கத்தவர்கள் பதினொரு பேர்.
சமையல் ஆறாயி.

கூட்டம் ஐந்து மணிக்கு. தில்லையம்பலம் இந்தப் பட்டியலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, வாய்விட்டு ஒருமுறை வாசித்து, அடிமட்டம் வைத்துக் கீழே கோடும் இழுத்தபோது மணி மூன்றரை. கூடத்தில் அவரைத் தவிர இருந்தது ஆறாயி மட்டும்தான். அவள் முழங்காலில் நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க கிளாக்கர் ஐயா, ஆளு வர முந்தியே வந்துட்டாங்கன்னு எழுதுறீங்களே?”

“வருவினம் எண்டு தெரிஞ்ச ஆக்களைத்தானே எழுதிறன்.”

“வராட்டி?”

“நீ அந்த மூலையைத் துடை.”

ஆறாயி மூலையைத் துடைத்தாள். வேறெந்தச் சபையிலும் இது ஒரு குற்றமில்லை. அரசாங்கக் கந்தோரில் இருபது வருஷம் கோப்பு எழுதிய மனிதருக்குக் கூட்டம் நடக்க முன்னமே கூட்டக் குறிப்பை எழுதி வைப்பது கெட்டித்தனம். ஆனால் இது கண்ட சொல் சபை. தன் கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை என்பதுதான் இங்கே ஒரே வேதம்.

அந்த வேதத்தைத் தந்த அழகுமுத்து சாமி செத்து ஏழு மாதமாகிறது. சாமியாக முன்னர் அவருக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. கப்பலிலிருந்து இறங்கும் அரிசி மூட்டைகளைக் கரையில் நின்று பார்த்து, ஒன்றுக்கு ஒரு கோடாகப் புத்தகத்தில் போட வேண்டும். கப்பல்காரன் இருநூறு இறக்கினேன் என்பான். கங்காணி இருநூற்றுப் பத்து என்பான். கண்ணுக்கு முன்னால் எத்தனை போனதோ அத்தனை கோடுதான் அழகுமுத்து போடுவார். பதினைந்து வருஷம் இப்படிக் கோடு போட்டவருக்கு ஒருநாள் ஒரு யோசனை வந்தது. மூட்டைக்கே இவ்வளவு கண்டிப்பு இருக்கும்போது, கடவுளைப் பற்றி மட்டும் ஏன் எல்லாரும் அடுத்தவன் சொன்ன எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போகிறார்கள்? வேலையை விட்டார். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்தார். அது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதில்.

சபையில் விளக்கில்லை, தேவாரமில்லை, திருநீறுமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடுவார்கள். ஒருவர் எழுந்து, “பெரிய துரைக்கு முன்னால நான் பல்லிளிச்சதைக் கண்டன்” என்பார், உட்காருவார். இன்னொருத்தி எழுந்து, “மகனுக்கு அள்ளிப் போட்ட கை மருமகளுக்குக் கிள்ளிப் போட்டதைக் கண்டன்” என்பாள், உட்காருவாள். அவ்வளவுதான் வழிபாடு. இதற்கு ஒரு விதி உண்டு. ஒருவர் நிற்கும்வரை பேச்சு அவருடையது. அவர் உட்காரும்வரை மற்ற எவரும் வாய் திறக்கக்கூடாது. சாமியே திறந்ததில்லை.

இப்போது வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார். மாதம் முடிய வெளியேற வேண்டும். சபைக்குப் போக்கிடம் இல்லை. அந்த நேரத்தில் கடவுள் அனுப்பியதுபோல வந்தவர்தான் வெள்ளவத்தை இராஜநாயகம். கடலோரமாக அவருக்கு ஒரு காணியும் அதில் ஒரு வீடும் சும்மா கிடந்தன. அதை ஒரு ஞானியின் பெயரில் எழுதிக் கொடுக்க அவர் ஆயத்தம். ஆனால் ஞானி அசல் ஞானியாக இருக்க வேண்டும்.

அவர் அப்படிக் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. உலகச் சண்டைக்கு முன் அவருடைய வீட்டில் ஒரு சாமியார் வந்து எட்டு மாதம் தங்கினார். பாலும் பழமும் பட்டு மெத்தையுமாக இருந்தார். வருகிற பறுவத்தில், முழுநிலா நாளன்று, வெள்ளவத்தைக் கடல்மேல் நடந்து காட்டுகிறேன் என்றார். பறுவத்துக்கு முதல்நாள் காலையில் ஆளைக் காணோம். கிராமபோன் பெட்டியையும் காணோம். அன்றிலிருந்து இராஜநாயகம் இருக்கிற நூல்களையெல்லாம் புரட்டி, ஞானிக்கு ஏழு அடையாளம் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒவ்வோர் அடையாளத்துக்கும் கண்ணால் கண்ட சாட்சி இரண்டு வேண்டும். வாழ்நாள் முழுக்கக் காணி அளந்து எல்லைக்கல் நாட்டியவர் அல்லவா?

போன இரண்டு கூட்டங்களில் ஆறு அடையாளம் முடிந்துவிட்டது. பொருளாசை இல்லை: சாமிக்கு இடுப்பில் கட்ட இரண்டே சாரம். பெண்ணாசை இல்லை. கோபம் இல்லை. நாவாசை இல்லை என்பதற்கு வந்தபோது, சாமி ஒருபோதும் மச்சம் மாமிசம் தொட்டதில்லை என்று தில்லையம்பலம் எழுந்து சொன்னார். சாமிக்குக் கிழமைக்கு இரண்டு நாள் சீலாக் கருவாடு பொரித்துப் போட்ட ஆறாயி, கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கருவாடுதானே என்று விட்டுவிட்டாள். விட்டதிலிருந்து அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இன்றைக்கு ஏழாவது. மரண பயம் இல்லாமை. அதற்குச் சாட்சி நிக்கலசும் ஆறாயியும்.

தில்லையம்பலம் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“துடைச்சது காணும். இஞ்ச வா. இதை இன்னொருக்கா வாசிக்கிறன், கேள். ‘ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு போட்டபோது, அழகுமுத்து சுவாமிகள் கூடத்தில் பத்மாசனத்தில் அசையாது வீற்றிருந்ததையும், அவரது திருமுகத்தில் புன்முறுவல் இருந்ததையும் என் இரு கண்களாலும் கண்டேன்.’ இவ்வளவுதான். நீ எழும்பி இதைச் சொல்லிப்போட்டு, பெருவிரலை மையிலை தொட்டு வைச்சால் சரி.”

“அப்பிடி நடக்கலீங்களே.”

“திரும்பத் தொடங்கிட்டியா?”

“நடக்கலீங்க. சாமியே சொல்லியிருக்காரே எல்லாருக்கும்.”

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். கெட்ட மனிதரல்ல. சாமியின் கடைசி மாதங்களில் மருந்துக்கும் வைத்தியருக்கும் அலைந்தவர் அவர்தான். சபை தெருவில் நிற்கப் போகிறதே என்று உண்மையாகவே நித்திரையில்லாமல் கிடப்பவர்.

“ஆறாயி, சாமி சொன்னது பணிவு. பெரிய ஆக்கள் தங்களைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம். நான் நாயிலும் கடையன் எண்டு சொன்ன அடியாரையெல்லாம் நாங்கள் நாய் எண்டே எடுக்கிறம்? அவர் பயந்தன் எண்டு சொன்னதே அவர் பயப்படேல்லை எண்டதுக்கு அத்தாட்சி. விளங்குதே?”

“வெளங்கலீங்க.”

“விளங்காட்டிப் பரவாயில்லை, சொல்லு. வெள்ளவத்தை வீட்டிலை உனக்கு ஒரு அறை எடுத்து வைச்சிருக்கிறன். சீமெந்துத் தரை. குழாய்த் தண்ணி. இஞ்ச மாதிரிக் குசினிக்குப் பின்னாலை எலியோடை கிடக்கத் தேவையில்லை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சொல்லாட்டிச் சபை ஒழுங்கையிலை. நீ இண்டைக்கே ஒழுங்கையிலை. யோசி.”

யோசிக்க ஆறாயி குசினிக்குப் போனாள். புருஷன் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்து நெஞ்சு அடைத்துச் செத்தவன். பிள்ளை இல்லை. கொம்பனித்தெருவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒரே அறையில் ஒன்பது பேர். இந்த வீட்டை விட்டால் படுக்கக் கிடைப்பது அங்கே வாசற்படி மட்டும்தான்.

நிக்கலஸ் பின்வாசலால் வந்து, வழமைபோலப் படியில் உட்கார்ந்தான். தடித்த ஆள். முதுகு வளைந்துவிட்டது. ஆறாயி கேட்காமலே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

“என்ன நிக்கலசு, கையெழுத்துப் போட்டுட்டியாமே.”

“போட்டிட்டன் அக்கா.”

“புன்முறுவல் இருந்திச்சா?”

“விடுங்கோ அக்கா.”

“இல்ல, எனக்கு ஒரு சந்தேகம். அன்னிக்கு நீயும் அவரும் ஒரே அரிசிப் பெட்டிக்கடியிலதானே கெடந்தீங்க. உன் மொகம் அவரு முதுகுல இருந்திச்சு. முதுகு வழியா எப்பிடிப் புன்முறுவலைப் பாத்தே?”

நிக்கலஸ் சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டுக் கோப்பைக்குள் பார்த்தான்.

“வெள்ளவத்தை வீட்டிலை வாச்சர் வேலை தாறன் எண்டு ஐயா சொல்லியிருக்கிறார். கதிரையிலை இருந்து கேற்றைத் திறந்து பூட்டினால் சரி. என்ரை முதுகைப் பாத்தீங்கள்தானே. இனி ஒரு மூட்டை ஏத்தினால் நான் படுத்திடுவன். மாக்ரெட்டும் பிள்ளையளும் என்ன செய்யிறது?”

“அதுக்காகப் பொய் சொல்லுவியா?”

“நாளைக்குச் சனிக்கிழமைதானே. கோயில்லை பாவசங்கீர்த்தனம் சொல்லிப்போடுவன். குண்டு போட்ட அண்டைக்குப் பூசைக்குப் போகாமல் இஞ்ச வந்ததையும் அப்பிடித்தான் சொல்லித் தீர்த்தனான்.”

ஆறாயிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

“உனக்குப் போய்ச் சொல்ல ஒரு பாதர் இருக்காரு. நான் சொல்ற எடம் இந்தக் கூடந்தான். இங்கயே பொய்யச் சொல்லிட்டு அப்பறம் எங்க போய்ச் சொல்றது?”

நிக்கலஸ் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

ஐந்து மணிக்கு இராஜநாயகம் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. அங்கத்தவர்கள் பாயில் இருந்தார்கள். அவருக்கு மட்டும் கதிரை. பட்டியலில் எழுதியபடி பதினொரு பேர் வந்திருக்கவில்லை, ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். குறிப்புப் புத்தகத்தைத் திருத்தத் தில்லையம்பலத்துக்குத் தோன்றவில்லை.

அவர் சபையின் வழக்கத்தை விருந்தினருக்கு விளக்கினார். விளக்கும்போது அவருக்கே பெருமை தாங்கவில்லை.

“எழும்பினவர் இருக்குமட்டும் ஒருத்தரும் குறுக்காலை கதைக்க ஏலாது, ஐயா. நானெண்டாலும் ஏலாது. கவர்னர் வந்தாலும் ஏலாது.”

“நல்ல வழக்கம்,” என்றார் இராஜநாயகம். “கச்சேரிக் கந்தோரிலை இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சக் காலம் வேலை செய்திருப்பன்.”

தாளை விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். முதலில் நிக்கலஸ் எழுந்தான். எழுதிக் கொடுத்ததைத் தரையைப் பார்த்தபடி, மூட்டை இறக்குகிற வேகத்தில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான். இராஜநாயகம் ஏழாவது வரிக்கு எதிரே ஒரு சிறு கோடு போட்டார். இன்னும் ஒரு கோடு போட்டால் காணி சபைக்கு.

“ஆறாயி,” என்றார் தில்லையம்பலம்.

ஆறாயி எழுந்தாள். பதினாறு வருஷத்தில் அவள் இந்தக் கூடத்தில் எழுந்து நின்றது நாலோ ஐந்தோ தடவைதான். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அன்னிக்கு ஞாயித்துக்கெழம. மாதா கோயில் மணி அடிச்சு ஓஞ்சிருந்திச்சு. நான் அடுப்புல பருப்புப் போட்டிருந்தேன். சாமி இங்க கூடத்துல இருந்தாரு. நிக்கலசு பின்படியில ஒக்காந்திருந்திச்சு. மொதல்ல பீரங்கிச் சத்தம். அப்பறம் தலைக்கு மேல ஏரோப்ளேன். கூரை ஓடெல்லாம் பல்லுக் கடிக்கிற மாதிரி ஆடிச்சு.”

தில்லையம்பலம் தலையசைத்தார். எழுதியதில் இதெல்லாம் இல்லை. ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

“சாமி கூடத்துலேர்ந்து ஓடியாந்தாரு. நடந்து வரல, ஓடியாந்தாரு. என் காலை மிதிச்சிட்டுப் போயி அரிசிப் பெட்டிக்கடியில பூந்துக்கிட்டாரு.”

“ஆறாயி!”

“இந்தக் கட்டைவெரல்ல நெகம் இல்ல பாருங்க, அன்னிக்குப் போனதுதான். நிக்கலசும் அவரு பின்னாலயே பூந்திச்சு. எனக்கு எடம் கெடைக்கல. நான் அடுப்போரமாக் குப்புறப் படுத்துக்கிட்டேன்.”

“இரு! இரு சொல்லுறன்! அவள் குழம்பிப் போனாள் ஐயா, வயசு போன மனுசி…”

இராஜநாயகம் பென்சிலை உயர்த்தினார்.

“தில்லையம்பலம், அந்த மனுசி இன்னும் நிக்குது.”

“ஐயா, அது வந்து…”

“கவர்னருக்கும் ஏலாதெண்டு இப்பத்தானே சொன்னனீர்?”

தில்லையம்பலத்தின் வாய் மூடிக்கொண்டது. நிற்கும்வரை இந்த இடம் தன்னுடையது என்பது அப்போதுதான் ஆறாயிக்கு முழுசாக உறைத்தது. வாடகை கொடுத்த வீட்டிலும் புருஷன் வீட்டிலும் கிடைக்காத இடம் இது. காலை அகட்டி வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அம்மான்னு கத்தினாரு. சின்னப் புள்ள மாதிரி. சத்தம் ஓஞ்சப்பறம் வெளிய வந்தாரு. சாரம் நனைஞ்சிருந்திச்சு. பருப்புத் தண்ணி இல்லீங்க. அந்தச் சாரத்தை அலசினவ நான். பணிவுன்னு சொல்றாங்க. பணிவுக்கு அந்த நாத்தம் கெடையாது.”

முன்வரிசையிலிருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

“அடுத்த வெள்ளிக்கெழம ஊரே காலி. கிளாக்கர் ஐயா பொண்டாட்டி புள்ளைங்களோட யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிட்டாரு. அதைத் தப்புன்னு சொல்லல. கூடத்துல ஏழு பேருதான். சாமி எந்திரிச்சாரு. ‘சாவுக்குப் பயப்படாதீங்கன்னு பன்னெண்டு வருஷமா உங்களுக்குச் சொன்னவன், ஞாயித்துக்கெழம காலையில அரிசிப் பெட்டிக்கடியில மூத்திரம் போனதைக் கண்டேன்’னாரு. ஒக்காந்துட்டாரு. அன்னிக்கே நாலு பேரு செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரவே இல்ல. அப்பறம் சாகுற வரைக்கும், யாரு புதுசா வந்து கால்ல விழுந்தாலும் மொதல்ல இந்தக் கதையைச் சொல்லிட்டுத்தான் மத்தது.”

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“இன்னொண்ணு. போன கூட்டத்துல நான் வாயை மூடிக்கிட்டு நின்னதைக் கண்டேன். சாமி கருவாடு திம்பாரு. நல்லா ரெண்டு துண்டு திம்பாரு.”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். உடனே இருமினார்கள்.

“அவ்வளவுதாங்க. ஆனா ஒக்கார மாட்டேன். ஒக்காந்தா கிளாக்கர் ஐயா தொடங்கிடுவாரு. உங்களுக்கு எதும் கேக்கணும்னா இப்பக் கேட்டுக்கங்க.”

இராஜநாயகம் அவளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இப்படி ஒரு அனுமதி சபை வழக்கத்தில் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்டார்:

“அப்ப உங்கடை சாமி ஞானி இல்லையெண்டு சொல்லுறியா?”

“அப்பிடிச் சொல்லலீங்க.”

“ஞானி எண்டு சொல்லுறியா?”

“அதையும் நான் கண்டதில்லீங்களே. ஞானம் கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது. பயம் இல்லாததுதான் ஞானம்னா, நம்ம தொறமுகத்துக் கிரேன் பெரிய ஞானிங்க. அவ்வளவு குண்டுக்கும் அது அசையாம நின்னிச்சு. உங்க வீட்டுக்கு வந்த சாமியாருக்குந்தான் பயம் இல்ல. பயம் இருந்தா கிராமபோனைத் தூக்கிக்கிட்டு உங்க வாசல் வழியாவே போயிருப்பாரா?”

இராஜநாயகத்தின் காது சிவந்தது. அவர் கோபப்படவில்லை.

“நான் கண்டது ஒண்ணுதாங்க,” என்றாள் ஆறாயி. “பொய் சொன்னா மாலை போடுவாங்க, நெசத்தைச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு தெரிஞ்சு, ஒரு ஆளு நெசத்தைச் சொன்னாரு. சாரம் நனைஞ்ச ஆளு. என் வயசுக்கு நான் வேற யாரும் அப்பிடிச் சொல்லிக் காணல. உங்க தாளுல அதுக்கு எடம் இருக்குதா, பாருங்க.”

அவர் உண்மையாகவே தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தார்.

“இல்லை.”

“அப்பச் சரி. நான் ஒக்காந்துக்கிறேன்.” உட்கார்ந்தாள்.

உடனே பத்து வாய்கள் திறந்தன. பொய்க்காரி, நன்றி கெட்டவள், சாமியின் சோற்றைத் தின்று சாமியையே நாறடிக்கிறாள். சோறு ஆக்கிப் போட்டவளே அவள்தான் என்பது அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. தில்லையம்பலம் கையைத் தட்டி அடக்கினார்.

“ஐயா, சாட்சி வேறை இருக்குது. நிக்கலஸ் கையெழுத்தே போட்டிருக்கிறான்.”

இராஜநாயகம் நிக்கலஸ் பக்கம் திரும்பினார்.

“நீர் சொல்லும். சாமி எங்கை இருந்தவர்? கூடத்திலையா, பெட்டிக்கடியிலையா?”

“நான் கையெழுத்து வைச்சிட்டன் ஐயா.”

“அதை நான் கேக்கேல்லை.”

“வைச்சிட்டன் ஐயா,” என்றான் நிக்கலஸ் மறுபடியும். தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

இராஜநாயகம் பென்சிலால் ஏழாவது வரிக்கு எதிரே போட்ட கோட்டைக் குறுக்கே அடித்தார். பிறகு நாலாவது வரிக்கு எதிரே இருந்த இரண்டையும் அடித்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஆறாயிக்கு முன்னால் வந்து நின்றார்.

“நான் உன்னை நம்பிறன்,” என்றார். “அதாலைதான் காணியைத் தரமாட்டன்.”

“தர வேணாங்க.”

“நீ சொன்ன ஆள் நல்ல மனுசன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்குது. ஆனால் நான் தேடினது நல்ல மனுசனை இல்லை. எனக்கு எழுபது வயசு, பிள்ளை. இரவிலை நெஞ்சு அடைக்கிது. சாவுக்குப் பயப்படாத ஒருத்தன் இந்த உலகத்திலை இருந்தவன் எண்டு எனக்குத் தெரிய வேணும். அவன்ரை பேரிலை வீட்டை எழுதிப்போட்டு நிம்மதியாய்ச் சாகலாமெண்டு பாத்தனான்.”

“அப்பிடி ஒரு ஆளு கெடைச்சா, அவரு சாரத்தை யாரு அலசினாங்கன்னு மொதல்ல கேளுங்க.”

கிழவர் அரைகுறையாகச் சிரித்தார். வாசலில் நின்ற தன் காருக்குப் போனார். தில்லையம்பலம் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். ஒழுங்கையில் அவர் குரல் கெஞ்சுவது கேட்டது. கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு தில்லையம்பலம் மட்டும் திரும்பி வந்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

“கார் இன்னும் ஒழுங்கை முடக்கிலை நிக்குது. வண்டில் ஒண்டு மறிச்சு நிக்குது. வா என்னோடை. குழம்பிப் போனன், ஐயா மன்னிக்க வேணும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. உன்ரை காலைப் பிடிச்சுக் கேக்கிறன்.”

கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆறாயிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கத்துக்குப் பொய் சொல்ல முடியுமா என்று ஒரு கணம் தன்னைத்தானே கேட்டும் பார்த்தாள்.

“மாட்டேனுங்க.”

“பதினாறு வருஷச் சபை! உன்ரை ஒரு வாயாலை…”

“சபை எங்க ஐயா போயிடிச்சு? மாமரத்தடியில கூடுங்க. ரோட்டோரத்துல கூடுங்க. எந்திரிச்சு நிக்க எடம் இருந்தாப் போதும். வீடு இல்லாட்டிக் கண்ணு தெரியாமப் போயிருமா?”

“நீ எனக்குச் சபையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டாம். வெளியிலை போ.”

“போறேன்.”

“இப்பவே.”

“இப்பவேதான்.”

குசினிக்குப் பின்னாலிருந்த அறையில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. இரண்டு சேலை, ஒரு பாய், புருஷனின் தகரப் பெட்டி. எல்லாவற்றையும் பாய்க்குள் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். நிக்கலஸ் வந்து வாசலில் நின்றான். மூட்டைக்குக் கை நீட்டினான்.

“முதுகைப் பாத்துக்க,” என்றாள். தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “நாளைக்குச் சனிக்கெழம. போறப்ப மறக்காம எல்லாத்தையும் சேத்துச் சொல்லு.”

“அக்கா…”

“போடா.”

அவள் மூட்டையோடு கூடத்துக்குள் வந்தாள்.

“குசினிப் பக்கத்தாலை போ,” என்றார் தில்லையம்பலம்.

அவள் நிற்கவில்லை. பாயில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டு வழி விட்டார்கள். காதைப் பொத்திய அம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்வாசலில் தில்லையம்பலம் குறுக்கே நின்றார்.

“சாமி உன்னை மன்னிக்க மாட்டார்.”

“நான் கேக்கலீங்களே,” என்றாள் ஆறாயி. “கொஞ்சம் தள்ளுங்க. மூட்டை இடிக்கும்.”

அவர் தள்ளினார். அவள் படியிறங்கினாள். ஒழுங்கையில் இன்னும் வெயில் இருந்தது. முடக்கில் மறித்து நின்ற வண்டில் விலகி, கார் போய்விட்டிருந்தது. கொம்பனித்தெருவுக்கு நடந்தால் இருட்டுவதற்குள் போய்விடலாம். கழுத்தை நிமிர்த்தி மூட்டையைச் சரி செய்துகொண்டாள்.

பின்னால் கதவுப் பலகை இரண்டும் சேர்த்துச் சாத்தப்பட்டன. தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாதென்று, பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.